கொலை ஒன்றே, ஊர் வேறு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஸ்காண்டிநேவியத் துப்பறியும் தொடர்களைப் பற்றி ஒரு சிறு பதில் எழுதியிருந்தேன். அதையொட்டி எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் அனைத்தும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தமையால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கதையின் முடிவு வெளிப்படும் இடத்தில் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன்.

கல்லூரி ஆசிரியை ஒருவர், களியக்காவிளை: மகன் சொன்னதன் பேரில் ‘தி கில்லிங்’ தொடரின் அமெரிக்க வடிவத்தை முதலில் பார்த்தேன், பிறகு டென்மார்க்கின் மூலத்தைப் பார்த்தேன். கதையும் பல காட்சிகளும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியிருந்தும் மூலம் மனத்தைப் பிசைந்தது. மறுஆக்கம் பாதியிலேயே அலுத்துவிட்டது. பணமும் வசதியும் அமெரிக்கர்களிடம்தானே அதிகம்? பிறகு ஏன் இப்படி?

அமெரிக்கர்கள் கதையை இழுத்தடித்துவிட்டார்கள் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு சரியாக வரவில்லை. டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனமான டிஆர் 2007இல் வெளியிட்ட முதல் பருவத்தில் 20 பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏஎம்சி அலைவரிசையில் 2011இல் தொடங்கிய அமெரிக்க வடிவம் அதே கொலையை முடித்துவைக்க இரண்டு பருவங்களில் 26 பகுதிகளை எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் விளம்பரங்களைக் கழித்துவிட்டால் ஒரு பகுதிக்கு முக்கால் மணி நேரமே மிஞ்சுகிறது. ஆக மொத்தத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம்.

கோளாறு, நிறுத்திய இடத்தில் இருக்கிறது. டேனிஷ் தொடரும் இடையில் நின்றதுதான். முதல் பத்துப் பகுதிகள் 2007இன் தொடக்கத்திலும் அடுத்த பத்து அதே ஆண்டின் இலையுதிர் காலத்திலும் வந்தன. மீதிக் கதை சில மாதங்களில் வந்துவிடும் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவிலோ ‘ரோசி லார்சனைக் கொன்றது யார்?’ என்ற கேள்வியையே விளம்பரமாக்கி மக்களை அழைத்து உட்காரவைத்துவிட்டு, 2011 ஜூனில் முதல் பருவம் முடிந்தபோது விடையைச் சொல்லாமல் அனுப்பினார்கள். போதாக்குறைக்கு, எந்தப் புகைப்படத்தை நம்பி ஒருவரைக் கைதுசெய்தார்களோ அதுவே பொய்யானது என்று கடைசி நிமிடங்களில் காட்டினார்கள். அடுத்த பருவம் 2012 ஏப்ரலில்தான் வந்தது. பார்த்தவர்கள் கொதித்துப்போனதில் வியப்பில்லை. விளம்பர வருமானத்தில் நடக்கும் அலைவரிசைக்கு அடுத்த ஆண்டும் அதே பார்வையாளர் வேண்டும். விடையைக் கையில் மறைத்து வைத்திருந்தால் அவர் திரும்பி வருவார் என்பது அவர்கள் கணக்கு. டிஆர் விளம்பரமே இல்லாத நிறுவனம்; அக்காலத்தில் மக்கள் செலுத்திய உரிமக் கட்டணத்தில் இயங்கியது. அங்கே ஒரு வழக்கு முடிந்தால் முடிந்ததுதான். 2009இலும் 2012இலும் வந்த அடுத்த பருவங்களில் துப்பறிவாளர் சாரா லுண்ட் புதிய வழக்குகளை, பத்துப் பத்துப் பகுதிகளில், எடுத்துக்கொண்டார்.

இது பாதிக் காரணம். மீதி, கதைக்கு உள்ளேயே இருக்கிறது. தண்ணீரிலிருந்து தூக்கப்பட்ட காரில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடக்கிறது. அந்தக் கார் மேயர் பதவிக்குப் போட்டியிடும் ஒருவரின் பிரச்சாரத்துக்கு உரியது. காவல் துறை, பெண்ணின் குடும்பம், நகர அரசியல் என்று மூன்று இழைகளை எழுத்தாளர் சோரன் ஸ்வைஸ்ட்ரூப் சமமான கனத்தோடு பின்னிக்கொண்டு போகிறார். கோபன்ஹேகனில் தலைமை மேயரை மாநகராட்சி உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே சிறு கட்சிகளின் ஆதரவு இல்லாமல் எவரும் அந்த நாற்காலியில் அமர முடியாது. காவல் நிலையத்திலிருந்து கசியும் ஒரு வதந்தி காலையில் வந்தால், மாலைக்குள் ஒரு கூட்டாளிக் கட்சி நழுவிவிடும். கூட்டணி அரசியலை நாள்தோறும் பார்த்துப் பழகிய கேரள எல்லைக்காரர்களான நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அறைகளில் நடக்கும் பேரங்கள் நம் ஊர்ச் செய்தித்தாளில் படித்தவை போலவே இருக்கின்றன. சியாட்டிலில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மறுஆக்கத்தில் அரசியல் இழை, பதவியில் இருப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் இடையிலான ஒண்டிக்கு ஒண்டிச் சண்டையாகச் சுருங்கிவிட்டது. விசாரணையும் அரசியலும் மூலத்தில் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டே நகர்கின்றன. மறுஆக்கத்தில் அவை அடுத்தடுத்த தண்டவாளங்களில் தனித்தனியே ஓடுகின்றன.

முதல் பகுதியின் ஒரு காட்சியை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். மகளைத் தேடிச் செல்லும் தந்தை, காவலர்கள் கூடியிருக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறார். வீட்டிலிருக்கும் தாய் அப்போது தொலைபேசியில் இருக்கிறாள். அவளிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. கணவன் எழுப்பும் ஓலம் கருவியின் வழியாக அவள் காதில் விழுகிறது, அவ்வளவுதான். அமெரிக்க வடிவம் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. அங்கும் அது நெஞ்சை அறுக்கிறது. தனிக் காட்சியாக எடுத்துக்கொண்டால் மறுஆக்கம் தோற்கவில்லை. அந்தக் காட்சி உண்டாக்கிய துக்கத்தை அடுத்து வரும் பகுதிகளில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் தடுமாறியது. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: அமெரிக்க வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் துணைத் துப்பறிவாளராக வரும் ஜோயல் கின்னமன், அவர் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர்!

தேயிலைத் தோட்ட அலுவலர் ஒருவர், கூடலூர் (நீலகிரி): இருட்டு, மழை, சாம்பல் நிற வானம் இவைதாம் இத்தொடர்களின் வெற்றி ரகசியமோ? அப்படியானால் எங்கள் ஊரில் ஜூலை மாதம் படமெடுத்தாலே போதுமே!

மழை மட்டும் போதுமென்றால் அமெரிக்க ‘தி கில்லிங்’ மூலத்தைத் தோற்கடித்திருக்க வேண்டும். சியாட்டில் கதையாகக் கனடாவின் வான்கூவரில் எடுக்கப்பட்ட அத்தொடரில் குடை காய நேரமே கிடைப்பதில்லை. டேனிஷ் மூலம் நவம்பரில் நடக்கிறது. அந்த மாதத்தில் கோபன்ஹேகனில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் அங்கே இருட்டு ஓர் அன்றாட நடப்பு. அதை யாரும் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை. (இருட்டு வீட்டுக்குள் நுழையும் சாரா லுண்ட் ஒருமுறையாவது சுவிட்சைத் தட்டாமல் ஏன் டார்ச்சோடு அலைகிறார் என்பது வேறு கேள்வி. அதற்கு என்னிடம் நியாயம் இல்லை.)

ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர், நகரி: எங்கள் பணிக்காலத்தில் எல்லையில் ஒரு சடலம் கிடந்தால் அது தமிழ்நாட்டு நிலையத்துக்கா ஆந்திர நிலையத்துக்கா என்பதிலேயே பாதி நாள் போய்விடும். ‘தி பிரிட்ஜ்’ தொடரின் தொடக்கம் அதனாலேயே எனக்குப் பிடித்தது. அமெரிக்கர்கள் அதே கதையை மெக்சிகோ எல்லைக்குக் கொண்டுபோனார்கள். எல்லை என்றால் அதுதானே உண்மையான எல்லை? பிறகு ஏன் அது எடுபடவில்லை?

ஐயா, 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் எந்த நிலையமும் எல்லையைக் காரணம் காட்டாமல் வழக்கைப் பதிந்தாக வேண்டும் என்கிறது. அந்தப் பாதி நாள் இனி எந்த அளவுக்கு மிச்சமாகிறது என்பதைத் தங்கள் இளைய சகாக்கள்தாம் சொல்ல வேண்டும். தங்கள் கேள்வி மிகக் கூர்மையானது. ஏனெனில் இந்த மறுஆக்கத்தைத் தொடங்கியவர்களும் சரியாக அதையேதான் நினைத்திருப்பார்கள்.

2011இல் வந்த மூலத்தில் ஸ்வீடனின் மால்மோவையும் டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் இணைக்கும் ஓரேசுண்ட் பாலத்தின் நடுவே, எல்லைக்கோட்டின் மீது ஓர் உடல் வைக்கப்பட்டிருக்கிறது. தூக்கும்போதுதான் அது இரண்டு பெண்களின் இரண்டு பாதிகள் என்று தெரிகிறது. மேல் பாதி ஸ்வீடன் அரசியல்வாதி ஒருவருடையது. கீழ்ப் பாதி டென்மார்க்கில் பாலியல் தொழிலில் இருந்த ஒரு பெண்ணுடையது. முதலாமவரின் சாவுக்கு நாடே பதறுகிறது. இரண்டாமவர் காணாமற்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது பொய் என்று காட்டுவதாகக் கொலையாளி சொல்லிக்கொள்கிறான்.

இந்தக் கொலையாளியின் நாடகம் அந்த இரண்டு நாடுகளில்தான் எடுபடும். எல்லோரையும் அரசு கவனித்துக்கொள்கிறது என்று நம்பி வாழும் சமூகம் அது. அங்கே ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. அதை வெளிச்சத்துக்கு இழுக்க ஒருவன் இவ்வளவு கோரமான வித்தை காட்ட வேண்டியிருக்கிறது. 2013இல் எஃப்எக்ஸ் அலைவரிசை இதை டெக்சாஸின் எல் பாசோவுக்கும் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகருக்கும் மாற்றியது. மேல் பாதி ஓர் அமெரிக்க நீதிபதி, கீழ்ப் பாதி ஒரு மெக்சிகோ இளம்பெண். காகிதத்தில் பார்த்தால் மூலத்தைவிட வலுவான ஏற்பாடு. ஆனால் ஹுவாரெஸ் 1990களிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்கள் கொல்லப்பட்டு உலகச் செய்தியான நகரம். எல்லையாக ஓடும் ஆற்றுக்கு அப்பால் ஓர் உயிரின் விலை குறைவு என்பது அங்கே தெருவில் போகும் குழந்தைக்கும் தெரியும். ஊரறிந்த உண்மையை உணர்த்துவதற்கு ஒரு தொடர்கொலையாளி மெனக்கெட்டுப் புதிர் போடுவது அந்த மண்ணில் வீண் ஆரவாரமாகத் தெரிகிறது.

ஆம்புலன்ஸ் காட்சியையும் கவனியுங்கள். பாலத்தை மூடிவைத்திருக்கும் நேரத்தில் இதய நோயாளியை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் வழிகேட்கிறது. ஸ்வீடனின் துப்பறிவாளர் சாகா நோரேன் விதியைச் சொல்லி மறுக்கிறார். டென்மார்க்கின் துப்பறிவாளர் மார்ட்டின் விட்டுவிடுகிறார். அந்தக் காலத்தில் அப்பாலத்தில் கடவுச்சீட்டைக் காட்டிக் கடக்கும் வழக்கம் கிடையாது. வண்டிகள் உள்ளூர்ச் சாலையில் போவதைப் போலப் போய்வந்தன. ஆகவே அங்கே வண்டியைத் தடுத்தது சாகா என்ற ஒரு மனுஷியின் குணம் மட்டுமே; ஒரே நிமிடத்தில் இருவரையும் நாம் முழுமையாக அறிந்துவிடுகிறோம். அமெரிக்க எல்லையிலோ ஆயுதம் தாங்கிய அரசே குறுக்கே நிற்கிறது. வாளையாற்றில் லாரிக்குப் பின்னால் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும்: சோதனைச் சாவடியில் மறிக்கப்படும்போது மறித்தவரின் குணத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. காட்சி அதேதான், அதன் பொருள் பாலத்திலேயே தங்கிவிட்டது.

நியாயமாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். இரண்டாம் பருவத்தில் அமெரிக்கக் குழு மூலத்தை ஓரமாக வைத்துவிட்டு, போதைப்பொருள் கும்பல்களும் இரு நாட்டு அதிகாரிகளும் பின்னிக்கிடக்கும் தங்கள் சொந்த எல்லையைப் பற்றி எழுதத் தொடங்கியது. தொடர் அப்போதுதான் மூச்சுவிட்டது. அதற்குள் பார்வையாளர்கள் குறைந்துபோய் 2014இல் நிறுத்தப்பட்டது.

மாணவர் ஒருவர், குமுளி: திரைப்படங்களிலும் இதே நிலைதானா? ‘தி கில்டி’ படத்தின் இரண்டு வடிவங்களையும் பார்த்தேன். வசனம்கூட ஒன்றுதான். ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது.

இந்தப் பதிலில் முடிவுகள் வெளிப்படுகின்றன. பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாம்.

2018இல் குஸ்தாவ் மோலர் இயக்கிய டேனிஷ் படம் அவசர அழைப்பு மையத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. காதில் கருவியை மாட்டிய ஒரு காவலரின் முகமும், மறுமுனையில் கடத்தப்பட்ட பெண்ணின் குரலும் மட்டுமே. மீதியை நாம் மனத்தில் படம்பிடித்துக்கொள்கிறோம். தவறாகப் படம்பிடிக்கிறோம் என்பதே கதையின் திருப்பம். 2021இல் ஆன்டுவான் ஃபுகுவா இயக்கிய அமெரிக்க வடிவம் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயைப் பெரிய திரைகளில் எரியவிடுகிறது. நம் கற்பனைக்கு விட்டிருந்த இடத்தில் புகையை நிரப்பிவிட்டார்கள்.

அதைவிட முக்கியமானது முடிவு. மூலத்தில் அந்தப் பெண்ணின் கைக்குழந்தை இறந்துவிட்டது. அமெரிக்க வடிவத்தில் அது பிழைத்துக்கொள்கிறது. மூலத்தில் காவலர் மையத்திலிருந்து வெளியேறும் வழியில் தொலைபேசியை எடுத்து யாரையோ அழைக்கிறார், படம் முடிகிறது. யாரை என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. அமெரிக்க வடிவத்தில் அவர் முன்பு ஓர் இளைஞனைக் கொன்ற தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட செய்தி வரை காதில் போட்டுத்தான் நம்மை அனுப்புகிறார்கள். 1997இல் வந்த நார்வேப் படமான ‘இன்சோம்னியா’வுக்கும் கிறிஸ்டோபர் நோலன் 2002இல் எடுத்த மறுஆக்கத்துக்கும் இடையே இதே வேறுபாடு ஒரு நாயின் உருவில் இருக்கிறது. சகாவைத் தவறுதலாகச் சுட்டுவிட்ட துப்பறிவாளர், தடயத்தை மாற்றிவைக்க உடலில் பாய்ந்த ஒரு தோட்டாவைத் தேடுகிறார். நார்வேப் படத்தில் உயிருள்ள நாயைச் சுடுகிறார். அமெரிக்கப் படத்தில் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் நாயைச் சுடுகிறார். நாயகன் மீது பார்வையாளருக்கு வெறுப்பு வந்துவிடக் கூடாது என்ற அச்சம் அந்த ஒரு தோட்டாவிலேயே தெரிகிறது. கடைசியில் முதலாமவர் தப்பித்துப் போகிறார், தன் மனச்சாட்சியோடு. இரண்டாமவர் இறந்து கணக்கைத் தீர்த்துக்கொள்கிறார்.

இது அமெரிக்கர்களின் தனிக்குணம் என்றும் சொல்லிவிட முடியாது. நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. தொடுபுழைப் பக்கத்து மலைநாட்டில் எடுக்கப்பட்ட ‘த்ரிஷ்யம்’ 2013இல் வந்து, இயக்குநர் ஜீத்து ஜோசப்பின் கையாலேயே 2015இல் ‘பாபநாசம்’ ஆனபோது அதன் முடிவுக்கு எந்தச் சேதமும் நேரவில்லை. மலைக்கு இந்தப் பக்கமும் குடும்பம், காவல் நிலையம், மானம் ஆகியவற்றின் கனம் ஏறத்தாழ ஒன்றுதான். அதே கதை 2019இல் சீனாவில் எடுக்கப்பட்டபோது, நாயகன் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சரணடைந்துவிடுகிறான். தப்பித்துவிடுவானா என்ற பதைப்பிலேயே நம்மை இரண்டரை மணி நேரம் கட்டிப்போட்ட கதைக்கு அந்த முடிவு எப்படிப் பொருந்தும் என்பதைக் குமுளிக்காரரான தாங்களே சொல்லலாம்.

வணிகர் ஒருவர், செங்கோட்டை: அமெரிக்கர்கள் ஒருமுறைகூட வென்றதில்லையா? ஒருதலையாகப் பேசுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

வென்றிருக்கிறார்கள். மேலே குறை சொன்ன நோலனின் படத்தையே நான் இரண்டு முறை விரும்பிப் பார்த்திருக்கிறேன். அல் பசீனோவின் களைத்த முகத்துக்காகவே பார்க்கலாம். ‘தி கேர்ள் வித் த டிராகன் டாட்டூ’ கதையை 2009இல் ஸ்வீடனிலும் 2011இல் டேவிட் ஃபிஞ்சர் அமெரிக்காவுக்காகவும் எடுத்தார்கள். ஃபிஞ்சர் கதையை ஸ்வீடனிலேயே விட்டுவைத்தார். படமாக்கத்தின் நேர்த்தியில் அவருடையதே மேல் என்பது என் கருத்து, அதன் நாயகி நூமி ராபாஸின் நடிப்புக்காக மட்டும் முந்தையதைக் கைவிட மனம் வருவதில்லை. ‘தி கில்லிங்’ தொடரும் மூன்றாம் பருவத்தில் டேனிஷ் கதையைக் கைவிட்டு, சியாட்டிலின் வீடற்ற சிறார்களையும் மரண தண்டனையை எதிர்நோக்கியிருக்கும் ஒரு கைதியையும் பற்றிப் பேசியபோது நிமிர்ந்து நின்றது. எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், கதை எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரைப் பார்த்து எழுதியபோது அவர்களுக்கும் கைகூடியிருக்கிறது. ‘தோஸ் ஹூ கில்’ போல வந்த சுவடே தெரியாமல் போன மறுஆக்கங்களைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

இல்லத்தரசி ஒருவர், கொழிஞ்சாம்பாறை: எனக்கு டேனிஷும் தெரியாது, ஸ்வீடிஷும் தெரியாது. வசனவரிகளைப் படித்துக்கொண்டே பார்ப்பது சிரமம். ஆங்கில ஒலிமாற்றத்தோடு மூலத்தைப் பார்த்தால் என்ன? எதிலிருந்து தொடங்குவது?

கண்ணுக்குச் சிரமம்தான், ஆனால் ‘தி பிரிட்ஜ்’ ஒன்றையாவது தயவுசெய்து மூல ஒலியோடு பாருங்கள். காரணம், வேறு எவரையும்விடக் கொழிஞ்சாம்பாறைக்காரரான தங்களுக்கு நன்றாகப் புரியும். தங்கள் ஊர்ச் சந்தையில் காய் விற்பவர் மலையாளத்தில் விலை சொல்வார், தாங்கள் தமிழில் பேரம் பேசுவீர்கள். இருவரும் தத்தம் மொழியை விட்டுக்கொடுப்பதில்லை, வியாபாரமும் நிற்பதில்லை. சாகாவும் மார்ட்டினும் நான்கு காவல் நிலைய அறைகளிலும் நூறு கார்ப் பயணங்களிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அவர் ஸ்வீடிஷில் கேட்பார், இவர் டேனிஷில் பதில் சொல்வார். சிற்சில இடங்களில் புரியாமல் போவதும், புரிந்தும் புரியாததுபோல் நடிப்பதும், ஒருவர் உச்சரிப்பை மற்றவர் கிண்டல் செய்வதும் அந்த நட்பின் பகுதிகள். ஆங்கிலத்தில் ஒலிமாற்றினால் இருவரும் ஒரே ஊர்க்காரர்களாகிவிடுவார்கள். பாலம் எதற்கென்றே தெரியாது. எல் பாசோவில் மெக்சிகோ அதிகாரி ஆங்கிலத்துக்கு இறங்கிவர வேண்டியிருந்தது.

தொடங்குவதற்கு ‘தி கில்லிங்’ முதல் பருவத்தைப் பரிந்துரைக்கிறேன். இரவுச் சமையல் முடித்து நாளுக்கு ஒரு பகுதி பார்த்தால் போதும்; கதையிலும் ஒரு பகுதிக்கு ஒரு நாள்தான் கழிகிறது. யார் கொன்றது என்பதை அக்கம்பக்கத்தில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.